மட்டாஞ்சேரிச் செப்பேடும் ஒரு சுட்டுப்பெயரும்

கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனைக்குப் பக்கத்திலேயே, யூதத் தெருவின் கோடியில் பரதேசி யூதப் பள்ளி நிற்கிறது. அது கட்டப்பட்டது 1568இல். அந்தப் பள்ளி போற்றிக் காத்துவரும் செப்பேடோ கட்டடத்தைவிட ஐந்தரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. கொடுங்கல்லூரை ஒட்டிய முயிரிக்கோட்டில் இருந்தபோது சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகத் தலைவர் இசுப்பு இரப்பானுக்கு வழங்கிய உரிமைப் பட்டயம் அது. யூதர்கள் அவரை யோசேப்பு ரப்பான் என்பார்கள். மலையாளமாகப் பிரியத் தொடங்கியிருந்த மலைநாட்டுத் தமிழில், வட்டெழுத்தில், வடசொற்களுக்குக் கிரந்தம் கலந்து எழுதப்பட்டது. வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணன் அதன் காலத்தை கி.பி. 1000 என்று கணித்தார். கேரள யூதர்களின் தொன்மைக்குச் சான்றாகவும், அரசர்கள் வேற்றுச் சமயத்தாரை வரவேற்றதற்கு அடையாளமாகவும், கடல் வாணிகத்தின் ஆவணமாகவும் அதைப் பலர் படித்திருக்கிறார்கள். இன்னொரு கோணத்திலும் அதைப் படிக்க வேண்டும். யார் பேசுகிறார், யாருக்குக் கொடுக்கிறார், யாருடைய மக்களுக்கு அது சேரும் என்பதில் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் ஐயம் எழாதபடி எழுதப்பட்ட உரைநடை அது. தமிழ் எழுத்தில் சுட்டுப்பெயரை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய பாடம் கிடைப்பது அரிது.

செப்பேட்டின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் மங்கலச் சொல். பிறகு மன்னன் பெயரும் ஆட்சியாண்டும், அவர் முயிரிக்கோட்டில் இருந்தருளிய நாள் என்ற குறிப்பும். அதன்பின் இசுப்பு இரப்பானின் பெயரைச் சொல்லி, அவருக்கு அஞ்சுவண்ணம் (ஒரு வணிகக் குழு என்று கருதப்படுவது) வழங்கப்படுவதையும், கூடவே வரும் சிறப்புகளையும் பட்டயம் வரிசையாக அடுக்குகிறது: பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப் பறை, காகளம், தோரணம், தோரண விதானம். இவை உள்ளிட்டு மொத்தம் எழுபத்திரண்டு விடுபேறு. சுங்கமும் நிறுவைக் கூலியும் தள்ளுபடி. நகரத்துக் குடிகள் அரண்மனைக்குச் செலுத்தும் வரியை இவன் செலுத்த வேண்டியதில்லை. அவர்கள் பெறும் நன்மைகளை மட்டும் இவனும் பெறுவான். இந்த இடத்தில்தான் பட்டயம் ‘இவன்’ என்ற சொல்லை எடுக்கிறது. உரிமை யார் யாருக்கு இறங்கும் என்று சொல்ல வரும்போது அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல், அஞ்சுவண்ணம் உடைய இசுப்பு இரப்பான் என்று முழுப்பெயரை மறுபடி எழுதுகிறது. அதன் பிறகே இவன் சந்ததி, இவன் மருமக்கள் என்று தொடர்கிறது.

எழுத்தர் அந்தப் பெயரை மறுபடி போட்ட இடம் தற்செயலாக அமைந்ததில்லை. முதல் ‘இவன்’ வரும் தொடரில் நகரத்துக் குடிகள் இருக்கிறார்கள், அவர்கள் பன்மை. அரண்மனை இருக்கிறது, அது அஃறிணை. ஒருமையில், ஆண்பாலில் சுட்டக்கூடியவர் ஒருவரே. ஆகவே அங்கே சுட்டுப்பெயர் தாராளமாகப் போதும். ஆனால் அந்தத் தொடர் முடிந்து, செப்பேடு செய்து கொடுத்தோம் என்று வாக்கியமும் முற்றுப்பெற்ற பின், உரிமை தலைமுறை தலைமுறையாக இறங்குவதைச் சொல்லும் புதிய பகுதி தொடங்குகிறது. சொத்துரிமையில் வழக்கு வருமானால் இந்தப் பகுதியில்தான் வரும். பெற்றவரும் கொடுத்தவரும் மறைந்த பிறகு, பேரனும் மருமகனும் எடுத்துப் படிக்கப் போவது இந்தப் பகுதியைத்தான். அங்கே ‘இவன்’ என்று தொடங்கினால், முந்தைய வரிகளைத் தேடிப் பிடித்துப் பொருள்கொள்ள வேண்டும். பெயரும் அடையாளமும் முழுமையாக வந்துவிட்டால், அந்தப் பகுதி தன்னளவிலேயே நிற்கும். சுட்டுப்பெயரை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்ற தேர்வு இந்தச் சில வரிகளுக்குள் கண்கூடாகத் தெரிகிறது.

மருமக்கள் என்ற சொல்லிலும் அதே விழிப்பு வேலை செய்கிறது. மலைநாட்டில் அந்தச் சொல் சகோதரியின் பிள்ளைகளையும் குறிக்கும், மகளை மணந்தவரையும் குறிக்கும். தாய்வழி உரிமை வேரூன்றிய மண்ணில் இந்த இரண்டில் எது என்பது சொத்து யாருக்குப் போகும் என்பதையே மாற்றிவிடும். பட்டயம் இவன் மருமக்கள் என்று ஒரு முறை சொல்லிவிட்டு, பெண்மக்களைக் கொண்ட மருமக்கள் என்று தனியாகவும் சொல்கிறது. உறவுப்பெயரும் ஒருவகையில் சுட்டுப்பெயரைப் போன்றதே. யாருக்கு மருமகன் என்று தெரியாதவரை அதற்குப் பொருள் நிலைப்பதில்லை. எழுதியவர் அந்த உறவை ‘இவன்’ என்ற ஒரே ஆளோடு கட்டி, இரண்டு வகையையும் பிரித்துக் காட்டி, ஐயத்துக்கு இடம் தராமல் அடைத்துவிட்டார்.

கொடுப்பவர் பக்கம் என்ன நடக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் மன்னன் படர்க்கையில் வருகிறார்: பெயர், பட்டம், ஆட்சியாண்டு. பிறகு வினை தன்மைப் பன்மைக்கு மாறி, கொடுத்தோம், விட்டோம் என்று முடிகிறது. ‘நாம்’ என்று தனியாக ஒரு சொல் இல்லாமலே, கொடுப்பவர் யார் என்பதை வினையின் விகுதி சொல்லிவிடுகிறது. இந்த மாற்றம் குழப்பம் தராததற்குக் காரணம், மன்னன் யார் என்பது அதற்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டதே. அடுத்து சாட்சிகள் வருகிறார்கள். வேணாட்டுக் கோவர்த்தன மார்த்தாண்டன் முதலாக நாட்டுத் தலைவர்களும் படைத் தலைவரும், இதை அறிவேன் என்று தன்மை ஒருமையில் சான்று சொல்கிறார்கள். எழுத்தில் ‘நான்’ என்பதைவிடச் சறுக்கும் சொல் வேறில்லை; படிப்பவர் எவரும் அதைத் தம் வாயில் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஒவ்வோர் ‘அறிவேன்’ என்பதோடும் நாட்டின் அல்லது பதவியின் பெயரும் ஆளின் பெயரும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கொடுத்தோம் என்பது மன்னனையும், அறிவேன் என்பது அந்தந்தச் சாட்சியையும், இவன் என்பது இசுப்பு இரப்பானையும் விட்டு எங்கும் நகர்வதில்லை.

இந்த ஒழுங்கு சேர அரசின் எழுத்தர் ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், கிளவியாக்கத்தில், இதே செய்தியை விதியாகவே வகுத்திருக்கிறது. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வருமானால் இயற்பெயரை முன்னால் வைக்க வேண்டும், சுட்டுப்பெயர் அதன் பின்னால் வர வேண்டும் என்பது அந்த விதி. சாத்தன் வந்ததைச் சொல்லிவிட்டு அவனுக்குச் சோறு கொடுக்கச் சொல்வதே முறை என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். அடுத்த நூற்பா, செய்யுளில் மட்டும் சுட்டுப்பெயர் முன்னால் வரலாம் என்று விலக்குத் தருகிறது. இந்த விலக்கில் நுட்பமான அறிவு இருக்கிறது. செய்யுள், யார் என்று வெளிப்படுத்தாமல் சிறிது நேரம் நிறுத்திவைத்துச் சுவை ஊட்டலாம். வழக்குக்கு, அதாவது ஒருவர் சொல்வதை மற்றவர் செய்ய வேண்டிய நடைமுறை மொழிக்கு, அந்த உரிமை இல்லை. பட்டயம் அந்த நடைமுறை மொழியின் மிகக் கண்டிப்பான வடிவம். ஆகவே மட்டாஞ்சேரிச் செப்பேட்டைத் தனித்த ஒரு சான்றாகக் கொள்ளாமல், இலக்கணத்தில் வகுத்த ஒழுங்கு அரச ஆவணத்தில் நடைமுறையாக நின்றதற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

இந்த ஒழுங்கின் பயன் எவ்வளவு என்பதைச் செப்பேட்டின் பிற்கால வரலாறு காட்டுகிறது. கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, 16ஆம் நூற்றாண்டின் பூசல்களும் சேர்ந்துகொள்ள, யூதர்கள் கொச்சிக்குப் பெயர்ந்தார்கள். 1662இல் போர்த்துக்கீசியரின் தாக்குதலில் பள்ளி சேதமடைந்தது. டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு சீர்செய்யப்பட்டது. இத்தனைக்கும் நடுவே செப்பேடு பிழைத்தது, ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாடியஸ் புக்கானன் மட்டாஞ்சேரிக்கு வந்து அதற்குப் படியெடுத்தார். 1844இல் ஹெர்மன் குண்டர்ட்டின் மொழிபெயர்ப்பு சென்னையில் வெளிவந்த இதழில் அச்சானது. அந்த நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஷ் அதைக் கல்வெட்டு இதழில் பதிப்பித்தார். இவர்களுக்கும் பின்வந்தவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் ஏராளம். யூத மரபு கி.பி. 379 என்று நம்பிய ஆண்டை ஆய்வாளர்கள் ஆறு நூற்றாண்டுக்கு மேல் கீழே இறக்கினார்கள். அஞ்சுவண்ணம் ஒரு ஊரா, ஒரு சிறு அரசா, ஐந்து சாதியாரா, வணிகக் குழுவா என்று நெடுங்காலம் வாதம் நடந்து, வணிகக் குழு என்ற முடிவு வலுப்பெற்றது. விடுபேறுகளின் பட்டியலில் சில சொற்களுக்குப் பொருள் இன்றும் உறுதிப்படவில்லை. இப்படிப் பெயர்ச்சொற்களும் எண்களும் அறிஞர்களைப் பிரித்த ஆவணத்தில், ‘இவன்’ யார் என்பதில் மட்டும் பிளவு இல்லை. உலகம் மாறியதால் பெயர்ச்சொற்களின் பொருள் மங்கியது. சுட்டுப்பெயரோ தன் பொருளை அதே ஏட்டுக்குள்ளிருந்தே பெற்றதால், உலகம் மாறியும் மங்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சுட்டுப்பெயர் அவ்வளவு தெளிவாக இருந்தும் அந்தச் செப்பேட்டின் பேரில் கொச்சி யூதர்கள் பல தலைமுறை பிளவுபட்டுக் கிடந்தார்களே, தெளிவால் என்ன பயன்? கேள்வி நியாயமானது. ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னாளில் வந்த பரதேசி யூதர்கள் ஒருபுறம், அவர்களுக்கு முன்பே மலைநாட்டில் வேரூன்றிய மலபாரி யூதர்கள் மறுபுறம், இசுப்பு இரப்பானின் மரபு தங்களுடையது என்றும் செப்பேடு தங்களுக்கே உரியது என்றும் வாதிட்டார்கள். யார் முழு உரிமையுள்ள யூதர் என்ற கேள்வி 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த ரப்பி டேவிட் இப்ன் அபி சிம்ராவின் தீர்ப்புக்குப் போனது. அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பரதேசிப் பள்ளிக்குள் சம இடம் பெற, வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20ஆம் நூற்றாண்டில் காந்திய வழியில் போராட வேண்டியிருந்தது. அந்த அவமதிப்பு உண்மை; அதைச் சிறிதாக்கிப் பேசுவது தவறு.

ஆனால் அந்தப் பூசல் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ‘இவன்’ என்பவர் இசுப்பு இரப்பான் என்பதை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. அவருடைய வழிவந்தவர்கள் யார் என்பதில்தான் சண்டை. அது வம்சாவளி பற்றிய கேள்வி. சாதி உணர்வும் குடியேற்ற வரலாறும் கலந்த கேள்வி. எந்த எழுத்தும் அதைத் தீர்த்துவைக்க முடியாது. எழுத்தால் செய்யக்கூடியது, சண்டையை அதற்குரிய இடத்தில் நிறுத்துவது. சுட்டுப்பெயர் மயங்கியிருந்தால், வம்சம் பற்றிய சண்டையோடு, மன்னன் யாருக்குக் கொடுத்தார் என்ற இன்னொரு சண்டையும் சேர்ந்திருக்கும். அப்போது உரிமை மறுக்கப்பட்டவரின் வாதம் இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும். தெளிவு நீதியை வழங்குவதில்லை. நீதி கேட்பவருக்கு நிற்க இடம் தருகிறது. அந்த இடம் சிறியதே ஆனாலும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். செப்பேடு வெட்டுவது செலவு பிடிக்கும் வேலை. உளியால் ஒவ்வோர் எழுத்தையும் பொறிக்க வேண்டும். இடம் மிச்சமாகவே ‘இவன்’ என்று எழுதினார்கள், பெயர் திரும்ப வந்தது வெறும் வாய்பாடு, இதில் சிந்தனையைத் தேடுவது மிகை என்று சொல்லலாம். ஆனால் இடத்தைச் சேமிப்பதே நோக்கமாக இருந்திருந்தால், நீளமான பெயரை அடைமொழியோடு இரண்டாம் முறை வெட்டியிருக்க மாட்டார்கள். மருமக்களை இரு வகையாகப் பிரித்தும் எழுதியிருக்க மாட்டார்கள். எங்கே சுருக்கினால் ஆபத்தில்லையோ அங்கே சுருக்கி, எங்கே ஆபத்தோ அங்கே செலவைப் பொருட்படுத்தாமல் நீட்டியிருக்கிறார்கள். வாய்பாடு என்பதும் குறையில்லை. பல தலைமுறை எழுத்தர்கள் வழக்குகளைப் பார்த்துப் பார்த்து, பிழைத்து நின்ற சொல்முறையைக் கைமாற்றித் தருவதற்குப் பெயர்தான் வாய்பாடு. இன்றும் தமிழ்நாட்டில் பத்திர எழுத்தர்கள் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் என்று வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுவதும், ‘மேற்படி’ என்ற சொல்லை அடிக்கடி போடுவதும் அந்த வழியில் வந்த பழக்கமே. கிரையப் பத்திரத்தைப் படிக்கச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் வீட்டை விற்றது யார், வாங்கியது யார் என்று அதைப் படித்து எவரும் மயங்குவதில்லை.

ஆவணத்துக்குச் சரி, கட்டுரைக்கும் செய்திக்கும் கதைக்கும் இந்தக் கறார் வேண்டுமா, பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நடை தட்டாதா என்பது மூன்றாவது மறுப்பு. இதற்குப் பதில் சொல்லும் முன், மட்டாஞ்சேரிச் செப்பேட்டின் எழுத்தருக்கு இருந்த ஒரு வசதி இன்றைக்கு நம்மிடம் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பல்லக்கும் குடையும் பகல் விளக்கும் பெற்ற பெருவணிகரை அவர் ‘இவன்’ என்று எழுதினார்; அதில் மரியாதைக் குறைவு இல்லை. அந்தச் சொல் ஆண்பால், ஒருமை, அண்மை என்ற மூன்று செய்தியையும் தாங்கியது. பிற்காலத் தமிழில் உயர்வுப் பன்மை பரவி, மதிப்புக்குரிய எவரையும் அவர், இவர் என்றே எழுதுகிறோம். ‘அவர்’ ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். பழைய இலக்கணப்படி பலரையும் குறிக்கும். வினையும் வந்தார், சொன்னார் என்று அதோடு ஒத்துப் போவதால் விகுதியிலிருந்தும் உதவி கிடைப்பதில்லை. அமைச்சர் ஆட்சியரைச் சந்தித்தார், அவர் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை என்று எழுதினால், யோசனை யாருடையது, மறுத்தவர் யார் என்று எந்த இலக்கணத்தாலும் சொல்ல முடியாது. மரியாதையை விட்டுவிடும்படி யாரும் கேட்கப் போவதில்லை. அது நம் சமூகம் விரும்பி ஏற்ற மாற்றம், பலருக்குச் சம மதிப்பைத் தந்த மாற்றம். ஆனால் அந்த மாற்றத்தால் சுட்டுப்பெயர் இழந்த துல்லியத்தை எழுதுபவர் வேறு வழியில் ஈடுகட்டியாக வேண்டும்.

மலையாளம் இதே சிக்கலை இன்னொரு பக்கத்திலிருந்து எதிர்கொண்டது. செப்பேட்டின் கொடுத்தோம், அறிவேன் என்ற விகுதிகள் பின்னாளில் மலையாள உரைநடையிலிருந்து உதிர்ந்தன. இன்று அம்மொழியில் நான் கொடுத்தாலும் அவன் கொடுத்தாலும் வினை ஒரே வடிவம்தான். ஏ.ஆர். ராஜராஜ வர்மா 1896இல் வெளியிட்ட கேரளபாணினீயத்தில், மலையாளம் தனித்து வளர்ந்ததற்கான அடையாளங்களில் ஒன்றாக இந்த இட வேறுபாட்டின் மறைவைக் குறித்தார். அதனால் மலையாள எழுத்தாளர் எழுவாயை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டிய இடங்கள் பெருகின. தமிழில் விகுதி தங்கியிருப்பதால் எழுவாயை விழுங்கிவிட்டு எழுதும் பழக்கம் தாராளமாக நிலைத்தது. அந்தத் தாராளம் தன்மையிலும் முன்னிலையிலும் தீங்கில்லை. சொன்னேன் என்றால் நான்தான். படர்க்கையில் அப்படியில்லை. இரண்டு பேர் வரும் பத்தியில் எழுவாயையும் விழுங்கி, ‘அவர்’ என்றும் போட்டுக்கொண்டே போனால், விகுதி நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை வீணாகிவிடும்.

ஈடுகட்டும் கருவிகள் தமிழிலேயே இருக்கின்றன. ‘தன்’, ‘தம்’ என்பவை எழுவாயையே நோக்கித் திரும்பும் சொற்கள்: கண்ணன் முருகனிடம் தன் கணக்கு நோட்டைக் கொடுத்தான் என்றால் நோட்டு கண்ணனுடையது, ‘அவன்’ என்று எழுதினால் அந்த உறுதி போய்விடும். அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் இரண்டு ஆட்களைப் பிரிக்கும். முன்னவர், பின்னவர் என்பவையும் பிரிக்கும். பதவிப் பெயரும் தொழில் பெயரும் உறவுப் பெயரும், பெயரையே திரும்பச் சொல்லும் சலிப்பில்லாமல் ஆளை நிறுத்தும். இவை எதுவும் போதாத இடத்தில் பெயரைத் திரும்ப எழுதலாம். அந்த மறுமொழிதலால் நடை கெடும் என்ற அச்சம் பெரும்பாலும் எழுதுபவருக்குரியது. படிப்பவர் பெயர் திரும்ப வந்ததால் தடுமாறுவதில்லை, யார் என்று தெரியாமல் மேல் வரிக்குத் திரும்பிப் போகும்போதுதான் தடுமாறுகிறார். மட்டாஞ்சேரிச் செப்பேட்டின் எழுத்தர் எல்லா இடத்திலும் பெயரை எழுதவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போதும் என்ற இடத்தில் ‘இவன்’, போதாது என்ற இடத்தில் இசுப்பு இரப்பான். அளவறிந்து செய்த மறுமொழிதல் நடையைக் கெடுப்பதில்லை.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது, கேரள யூத வரலாற்றின் செப்பேடுகளின் படிகளைப் பரிசாக அளித்தார். வட்டெழுத்தும் பழந்தமிழும் தெரியாத ஒரு தேசத்தின் கையில் அந்த ஆவணத்தின் படி இன்று இருக்கிறது. அங்கே யாராவது அதை எபிரேயத்தில் பெயர்த்துப் படித்தாலும், உரிமை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று விளக்கக் குறிப்பு எழுதத் தேவையில்லை. எழுதப்படும் எதுவும், எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோது, அவர் அறியாத ஒருவரால் படிக்கப்படும். பேச்சில் விரல் நீட்டிக் காட்டலாம், முகம் பார்த்துத் திருத்தலாம். எழுத்தில் அந்த வேலை முழுவதையும் சுட்டுப்பெயரும் அதற்கு முன்னால் ஊன்றிய பெயரும்தான் செய்ய வேண்டும். ஆகவே ‘அவர்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும், முன்பின் தெரியாத ஒரு வாசகர் இதை யார் என்று கொள்வார் எனக் கேட்டுக்கொள்வது எழுதுபவரின் கடமை. அந்தக் கேள்விக்கு வாக்கியமே பதில் சொல்லாவிட்டால் பெயரை எழுதிவிட வேண்டும். தொல்காப்பியம் விதியாக வகுத்ததும், சேர மன்னனின் எழுத்தர் செப்பில் வெட்டிக் காட்டியதும் இதைத்தான்.